காய் எதுவாக இருக்கட்டும்?

ரோபோ போட்டி ஒன்றின் விதிக்கோவையைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டால் கலைப்பீடத்துப் பிள்ளைகள் முதலில் எங்கே தடக்குவார்கள்? மோட்டாரிலும் சென்சரிலும் இல்லை. அவற்றை அப்படியே எழுதிவிடலாம், எல்லோருக்கும் விளங்கும். நாங்கள் தடக்கியது 'கேம் பீஸ்' என்ற சின்னச் சொல்லில். ரோபோ தூக்குவது, தள்ளுவது, அடுக்குவது எல்லாம் அதைத்தான். பந்து என்று முடிவாகியிருந்தால் பந்து என்று எழுதியிருக்கலாம். அது என்ன பொருள் என்றே அப்போது முடிவாகியிருக்கவில்லை. 'விளையாட்டுத் துண்டு' என்று எங்களில் ஒருவர் எழுதிப் பார்த்தார். எதிலிருந்தோ உடைந்து விழுந்தது போல இருந்தது. 'விளையாட்டுப் பொருள்' என்றால் ஸ்போர்ட்ஸ் கடைச் சாமான் ஆகிவிடுகிறது. கடைசியில் ஒருத்தியின் அம்மம்மா கைகொடுத்தார். தாயக்கட்டை உருட்டுவதில் அவரை வெல்ல அந்த ஒழுங்கையில் ஆளில்லை. "அதில நகத்துறதுக்கு என்ன பேர்? காய்தானே" என்றார். சதுரங்கத்திலும் காய்தான். விதிக்கோவையில் 'காய்' என்று எழுதினோம்.

சொல் கிடைத்த பிறகுதான் உண்மையான கேள்வி மேசைக்கு வந்தது. காய் எதுவாக இருக்கட்டும்?

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் ஐந்து பேர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் திருநெல்வேலியில் இருக்கிறது. பொறியியல் பீடம் கிளிநொச்சியில், அறிவியல் நகரில். இரண்டுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பஸ் பயணம். வடக்கில் எட்டுப் பாடசாலைகளைச் சேர்த்து, தரம் 9 முதல் 11 வரையான பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ரோபோ போட்டி வைக்கப் போகிறோம், எழுத்து வேலைக்கு ஆட்கள் வேண்டும் என்று பொறியியல் பீட நண்பர்கள் கேட்டார்கள். எழுதப் போனவர்கள் மெல்ல மெல்ல எல்லாக் கூட்டத்திலும் இருக்கத் தொடங்கினோம். விதியை எழுதுகிற ஆளுக்கு விதி விளங்க வேண்டும். விளங்கத் தொடங்கினால் கேள்வி வரும். கேள்வி கேட்டால், "அப்ப நீங்களும் வந்து இருங்கோ" என்று கதிரையைக் காட்டிவிடுவார்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒரு விடயம் விளங்கியது. ரோபோ எப்படி இருக்கும் என்பதை அதைச் செய்கிற பிள்ளை தீர்மானிக்க முன்னரே காய் தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியைப் பாருங்கள். 1992ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பாடசாலை உடற்பயிற்சி மண்டபம் ஒன்றில் முதல் போட்டி நடந்தது. வந்தவை 28 அணிகள். தரை முழுக்கச் சோளமணி பரப்பி, அதன் மேல் ரெனிஸ் பந்துகளைப் பொறுக்க விட்டார்கள். சோளத்தில் சில்லு வழுக்கும். ஆகவே பந்தைப் பிடிப்பதற்கு முதல் வழுக்காமல் ஓடுவதை யோசிக்க வேண்டும். 2013இல் காய் பறக்கும் தட்டு. அந்த வருடம் வேகமாகச் சுற்றும் சில்லொன்றால் தட்டை உதைத்து எறிகிற ரோபோக்கள்தான் அதிகம். 2015இல் பிளாஸ்ரிக் பெட்டிகளை அடுக்க வேண்டும் என்றார்கள். உடனே ரோபோ எல்லாம் லிஃப்ட் பொருத்திக்கொண்டு உயரத் தொடங்கிவிட்டன. 2018இல் பால் போத்தல் அடுக்குகிற கிரேட் ஒன்றுக்கு மஞ்சள் துணி போர்த்திக் காய் ஆக்கினார்கள். 2023இல் வீதியில் வைப்பது போன்ற கூம்பும், காற்றடித்த கனசதுரமும். 2024இல் செம்மஞ்சள் நுரை வளையம். 2025இல் நாலு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு. எங்கட ஊரில் எஸ்லோன் பைப் என்று ஹாட்வெயார் கடையில் கேட்டு வாங்குகிற அதே சாதிதான்.

இந்தப் பட்டியலை வரிசையாக வாசித்தால் ஒரு இழுபறி தெரியும். சில வருடங்களில் எங்கேயும் வாங்கக்கூடிய பொருள். வேறு சில வருடங்களில் போட்டிக்கென்றே செய்வித்த பொருள். நுரையில் செய்தவை கைக்கும் ரோபோவுக்கும் இதமானவை, ஆனால் ரோபோவின் பல்லுக்குள் அகப்பட்டு அகப்பட்டுக் கிழிந்து போகும். கிழிந்தால் புதிது வாங்க வேண்டும். பைப் துண்டு கிழியாது. தொலைந்தால் வாளால் இன்னொன்று அரிந்துகொள்ளலாம். பயிற்சி எடுக்க ஒரு அணியிடம் எத்தனை காய் இருக்கிறது என்பது, மோட்டாருக்கும் மூளைக்கும் முன்னால் வெற்றியைத் தீர்மானிக்கிற ஒரு விடயம்.

எங்களுக்கு இன்னும் பிடித்துப் போனது ஆசிய பசுபிக் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ரோபோகொன் போட்டி. 2002இல் டோக்கியோவில் தொடங்கியது. ஒவ்வொரு வருடமும் அதை நடத்துகிற நாடு தன்ர ஊர்ச் சாமானையும் தன்ர விளையாட்டையும் களத்துக்குக் கொண்டு வரும். 2019இல் மொங்கோலியா நடத்தியபோது ரோபோ எறிந்தது 'ஷகாய்'. அது ஆட்டின் கணுக்கால் எலும்பு. அந்த நாட்டுப் பிள்ளைகள் காலம் காலமாக உருட்டி விளையாடுவது. 2024இல் வியட்நாமில் 'அறுவடை நாள்' என்று பெயர் வைத்து, நாற்று நடுவதும் நெல்லைப் பதரிலிருந்து பிரித்துச் சேர்ப்பதும் ரோபோவின் வேலை ஆனது. இடையில் 2022இல் புதுடில்லி நடத்தியபோது 'லகோரி'. அடுக்கிய கற்களைப் பந்தால் அடித்து விழுத்துவது, மற்றப் பக்கம் பந்தால் எறிந்து குழப்ப முன்னம் திரும்ப அடுக்குவது.

இதை வாசித்ததும் எங்களில் மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னது: "இது எங்கட பேணிப்பந்தெல்லோ!"

ஓம், அதேதான். அவர்கள் கல் அடுக்குகிறார்கள், எங்கட ஆக்கள் வெறும் பேணி அடுக்கினார்கள். அன்றைக்கே ஆட்டம் முடிவாகிவிட்டது. ஏழு காய்களின் கோபுரம். ஒரு ரோபோ பந்தை உருட்டிக் கோபுரத்தை விழுத்தும். மற்றது மூன்று நிமிடத்துக்குள் திரும்ப அடுக்கும். பிறகு பக்கம் மாறும். ஆட்டம் முடிவாகியும் காய் முடிவாகவில்லை.

முதல் வரைபில் இருந்தது வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் விற்கிற நுரைக் காய்கள். எட்டுப் பாடசாலைக்கும் அனுப்பி, போட்டிக்கும் வைத்திருக்க நூற்றுக்கு மேல் வேண்டும். 2022ஐ மறக்கிற வயது எங்களுக்கு இன்னும் வரவில்லை. சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிப் போனதும், இறக்குமதிக்குப் பட்டியல் பட்டியலாகத் தடை வந்ததும் எங்கட பாடசாலைக் காலத்தில்தான் நடந்தது. கப்பலில் வர வேண்டிய காய், வராமல் விடவும் கூடும். வந்தாலும் நகரத்துப் பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கும். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ இன்னும் ஐம்பது காய் வாங்கிக் குடுப்பார்கள். ஒரேயொரு ஆர்டுயினோ பலகையை மூன்று பிள்ளைகள் மாறி மாறி வீட்டுக்குக் கொண்டுபோகிற பாடசாலைக்குப் பங்கில் வந்த ஆறு காய் மட்டும்தான். ஆகவே காய் இங்கேயே கிடைக்க வேண்டும் என்று எழுதி, கீழே கோடு போட்டோம்.

அடுத்துப் பனங்கொட்டை. கலைப்பீடம் என்றால் பனை வராமல் இருக்குமா? மொங்கோலியாவுக்கு ஆட்டெலும்பு என்றால் வடக்குக்குப் பனங்கொட்டை என்று ஒரு நண்பன் அழகாக வாதாடினான். வீட்டு வளவிலிருந்து ஒரு உரப்பை நிறைய அள்ளிக்கொண்டும் வந்தான். கடையில் அரிசி நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஈரமாக இருக்கும்போது ஒரு நிறை, காய்ந்தால் வேறு. பூரான் வைத்ததும் வைக்காததும் வேறு. வடிவமும் அப்படியே. அடுக்கவும் ஏலாது. பொறியியல் பீடத்து நண்பி ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மச்சான், மனிசன்ர கைக்கு இது பிரச்சினை இல்ல. எங்கட ரோபோவின்ர கைக்கு ரெண்டு விரல்தான், அதுக்கும் மூளை இல்ல."

அவள்தான் எங்களுக்கு நிறையைப் பற்றி வகுப்பு எடுத்தாள். பாடசாலைப் பிள்ளைகள் வாங்கக்கூடிய மலிவான சேர்வோ மோட்டார் எஸ்.ஜி.90. நிறை 9 கிராம்தான். 4.8 வோல்ற்றில் அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 1.8 கிலோகிராம் சென்ரிமீற்றர். அதாவது கையின் நீளம் 1 சென்ரிமீற்றர் என்றால் 1.8 கிலோ வரை தாங்கும். கை 10 சென்ரிமீற்றர் என்றால் 180 கிராம். அதுவும் மோட்டார் திணறி நிற்கிற கடைசி எல்லை. அந்த 180இலிருந்து கையின் சொந்த நிறையையும் பிடியின் நிறையையும் கழித்து, மோட்டார் சூடேறி எரியாமல் இருக்கக் கொஞ்சம் இடமும் விட்டால், காய் 60, 70 கிராமுக்குள் நிற்க வேண்டும். காய் 200 கிராம் என்று விதியில் ஒரு வரி எழுதினால், அந்த ஒரு வரியால் எட்டுப் பாடசாலைக்கும் பெரிய மோட்டாரும் பெரிய பற்றரியும் வாங்கும் செலவு வரும். வசனம் எழுதுகிறவர்கள் நாங்கள்தான் என்பதால் எங்களுக்கு அது உறைத்தது. எங்கட பேனையில் ஒரு இலக்கம் கூடினால் ஏதோ ஒரு பாடசாலை வராமல் நின்றுவிடும்.

நிறம், மேற்பரப்பு எல்லாவற்றுக்கும் இப்படிக் கணக்கு உண்டு. மலிவான அல்ட்ராசோனிக் சென்சர் சத்தத்தை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத் தூரம் சொல்கிறது. மெத்தென்ற பொருள் சத்தத்தைக் குடித்துவிடும். அகச்சிவப்புச் சென்சருக்குக் கறுப்பு நிறம் கண்ணில் படாது. வெள்ளை நல்லாகத் தெரியும். மெத்தென்று, கறுப்பாக, வடிவாக ஒரு காயைத் தெரிந்தால் பாதி ரோபோக்கள் அதைக் காணாமலே கடந்து போகும்.

உருட்டுகிற பந்துக்கு அதிகம் யோசிக்கத் தேவைப்படவில்லை. ரெனிஸ் பந்து. எங்கட ஊர்களில் ரெனிஸ் விளையாடுகிற ஆளைத் தேட வேண்டும், ஆனால் ரெனிஸ் பந்து இல்லாத ஒழுங்கை இல்லை. எல்லாம் கிரிக்கெட்டுக்குத்தான். தரமான பந்தின் நிறை 56 முதல் 59.4 கிராம் வரை என்று உலக அளவில் வரையறை இருக்கிறது. சின்ன மோட்டாருக்குப் பொருத்தமான நிறை. கோபுரக் காயையும் அதே நிறைக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒரே கை இரண்டையும் தூக்கும்.

கோபுரக் காய்க்குத்தான் மீன் ரின் வந்தது. 425 கிராம் மீன் ரின். பேணிப்பந்துக்குப் பேணியே காய் என்றால் அதைவிடப் பொருத்தம் என்ன இருக்கிறது? எந்தக் கடையிலும் ஒரே அளவு. எந்த வீட்டுக் குசினியிலும் கிடக்கும். அடுக்கினால் நிற்கும். கிழியாது. விளிம்பு வெட்டும், அதை அராவி ரேப் சுற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். காசே இல்லை. பிள்ளைகள் தாங்களே தேடிப் பொறுக்கிக்கொள்ளலாம். "பிள்ளைகள் தாங்களே சேகரிக்கக்கூடியது" என்ற வசனம் பட்டியலில் மீன் ரின்னுக்கு நேரே எழுதப்பட்டு, அடுத்த கூட்டத்துக்குப் போனது. அதற்குப் பாடசாலைப் பொறுப்பாசிரியர்களும் வருவதாக இருந்தது.

கூட்டம் கிளிநொச்சியில். பஸ் எழுதுமட்டுவாளையும் முகமாலையையும் கடந்து போகும். அந்த வழியால் போய் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக ஏ9 வீதியில் போன காலத்தில் தலையில்லாத பனைகளும், கரையோரமாக மண்டையோடு கீறிய சிவப்பு மிதிவெடிப் பலகைகளும் யன்னலால் தெரியும். பெரியவர்கள் அந்த இடத்தில் கதையை நிறுத்துவார்கள். அன்றைக்கு நாங்கள் அந்த இடத்தைக் கடக்கும்போது போனில் கோபுரத்தின் படத்தைப் பார்த்து ஏழா ஒன்பதா என்று வாதாடிக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தில் பட்டியலை வாசித்தோம். மீன் ரின்னுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த ஒரு ரீச்சர் மட்டும் கையை உயர்த்தினார். அவர் சொன்னதை எங்களில் ஒருத்தி அப்படியே குறித்து வைத்திருக்கிறாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒண்டு சொல்லட்டே? எங்கட பிள்ளையளுக்கு நாங்கள் முதலாம் வகுப்பில இருந்து என்ன சொல்லிக் குடுக்கிறம் தெரியுமோ? நிலத்தில தகரம் மாதிரி, இரும்பு மாதிரி ஏதும் கிடந்தா தொடாத, கிட்டப் போகாத, வந்த வழியே திரும்பி வந்து பெரியாக்களுக்குச் சொல்லு எண்டு. இப்ப நீங்கள் நிலத்தில கிடக்கிற தகரப் பேணியை ஆர் கெதியா எடுக்கிறது எண்டு பாத்துப் புள்ளி போடப் போறியள்."

எங்கட நண்பன் ஒருவன் மரியாதையாகத்தான் கேட்டான். "ரீச்சர், எடுக்கிறது ரோபோதானே, பிள்ளை இல்லையே?"

"ரோபோவ வச்சுப் பழகிறது ஆர் தம்பி? ஒரு நாளைக்கு ஐம்பது தரம் அந்தப் பேணியை எடுத்து எடுத்து நிமித்தி வைக்கப் போறது ஆர்? அது கூடப் பரவாயில்ல. பிள்ளையள் தாங்களே சேகரிக்கலாம் எண்டு எழுதியிருக்கிறியள். அவன் எங்க போய்ச் சேகரிப்பான்? குசினியில ரெண்டு இருக்கும். மிச்சத்துக்குப் பத்தைக்குள்ளதான் போவான்."

மண்டபத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

போர் 2009 மே மாதம் முடிந்தது. மிதிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க அந்தச் சாசனம் குடுத்த கெடு 2028 ஜூன். ஹலோ ட்ரஸ்ட், மாக், உள்ளூர் நிறுவனமான டாஷ் எல்லாம் வருடக்கணக்காக மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி வருகின்றன. அதில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் அந்த ஊர்களின் பெண்கள். துப்புரவாக்கிய காணிகளுக்கு ஆட்கள் திரும்பிப் போய்க் குடியிருக்கிறார்கள், பயிர் செய்கிறார்கள். ஆனாலும் காணிக்கு வெளியே, காட்டுக் கரையில் என்ன கிடக்கிறது என்று முழுக்கச் சொல்ல முடியாத இடங்கள் இருக்கின்றன. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையையும் உயிரையும் விட்டவர்களின் கதை வன்னியில் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இது எங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. போரைப் பற்றிய கட்டுரைகளில் இதை வாசிக்கிறோம். ஒரு விளையாட்டுச் சாமானைத் தெரிகிற கூட்டத்தில் வந்து நிற்கும் என்று நினைத்திருக்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் விவாதம் ஓயவில்லை. பேணி எல்லா வீட்டிலும்தானே கிடக்கிறது, அதுக்கு ஒரு பிள்ளையும் பயப்படுவதில்லையே என்று ஒருவன். பளிச்சென்று நிறம் பூசிவிட்டால் என்ன என்று இன்னொருத்தி. பூசலாம், ஆனால் பூச முன்னம் பொறுக்க வேண்டுமே என்று மற்றவள். யோசித்துப் பார்த்தால் ரீச்சர் பேணியைக் கண்டு பயப்படவில்லை. அவர் பார்த்தது ஒரு பழக்கத்தை. நிலத்தில் கிடக்கும் உலோகத்தைக் கண்டால் நில், திரும்பு என்று பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி உடம்பில் ஏற்றிய பழக்கம். அதை அழிக்கிற வேகம் ஒரு போட்டிக்கு இருக்கிறது. கிண்ணம், சான்றிதழ், கைதட்டல், மேடையில் படம் எல்லாம் சேர்ந்தால் ஒரு பதின்நாலு வயதுப் பிள்ளைக்கு அம்மா சொன்னதை விடப் பெரிதாகத் தெரியும்.

காய் எங்கேயும் கிடைக்க வேண்டும் என்று மட்டும்தான் அதுவரை எழுதியிருந்தோம். அதைப் பிள்ளை எங்கே போய் எடுக்கும் என்பதும் அதே அளவு முக்கியம். நகரத்தில் வெறும் பேணி தேடுகிற பிள்ளை குப்பைவாளிக்குப் போகும். இன்னொரு ஊரில் அதே பிள்ளை பத்தைக்குள் போகும். ஒரே விதிதான், இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடக்கிறது.

இன்னொன்றையும் ரீச்சர் சொன்னார். தேநீர் இடைவேளையில், எங்களோடு நின்று. அவரின் வகுப்பில் ஒரு பையனுக்கு மிதிவெடி தேடுகிற ரோபோ செய்ய ஆசையாம். அவனின் மாமி அந்த வேலைக்குத்தான் போகிறார். "அப்ப அதையே ஆட்டமா வைக்கலாமே ரீச்சர்?" என்று கேட்டோம். அவர் தலையை ஆட்டினார். "வைக்கலாம் பிள்ளையள். வைக்கத்தான் வேணும். ஆனா அது வேகத்துக்குப் புள்ளி குடுக்கிற ஆட்டமா இருக்கக் கூடாது. அவன்ர மாமி ஒரு நாளில எவ்வளவு தூரம் போவா எண்டு கேட்டுப் பாருங்கோ. ஆறுதலாப் போறவை வெல்லுற போட்டி ஒண்டு வையுங்கோ, அப்ப நான் அவனைக் கூட்டி வாறன்." அந்தப் போட்டியை நாங்கள் இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கொப்பியில் இருக்கிறது.

மீன் ரின்னின் இடத்துக்கு வந்தது யோகட் கப். எங்கட கன்ரீன் மேசையிலேயே கிடந்தது. எண்பது கிராம் யோகட் குடிக்காத பாடசாலைப் பிள்ளை குறைவு. பாடசாலைக் கன்ரீனில், கடையில், பிறந்தநாள் வீட்டில், திவசத்தில், எல்லா இடத்திலும் உண்டு. யாரும் அதைப் பத்தைக்குள் தேடிப் போகப் போவதில்லை. குடித்து முடிய அந்த இடத்திலேயே கழுவி எடுத்துக்கொள்ளலாம். வெள்ளை நிறம், சென்சருக்குத் தெரியும். ஒரே குறை, பாரம் இல்லை. மின்விசிறி போட்டால் கோபுரம் பறக்கும்.

அதற்கும் வழி கிடைத்தது. ஒரு கப்புக்குள் காய்ந்த மணல் போட்டு, இன்னொரு கப்பை அதன் மேல் வாயோடு வாய் கவிழ்த்து, சுற்றிவர ரேப் ஒட்டினால் சின்னப் பீப்பா மாதிரி ஒரு காய். மேலும் கீழும் தட்டையாக இருப்பதால் அடுக்கலாம். நடு அகலம், இரண்டு முனையும் ஒடுக்கம். ஆகவே ரோபோவின் இரண்டு விரலும் நடுவுக்குச் சற்றுக் கீழே பிடித்தால் காய் வழுக்கி விழாது, அகலமான இடம் விரலில் தங்கி நிற்கும். இதைக் கண்டுபிடித்தது பொறியியல் பீட நண்பி. உடுக்கு மாதிரி அடியோடு அடி ஒட்டினால் இன்னும் வடிவு என்று கலைப்பீடம் சொன்னது. மணல் கொட்டும் என்று பொறியியல் பீடம் சொன்னது. மணல் வென்றது.

பிறகு விதி எழுதினோம். எங்கட வேலை அதுதானே. ஒரு காயின் நிறை 60 கிராம், 3 கிராம் கூடலாம் குறையலாம். மணலை வெயிலில் காயவிட்டுப் போட வேண்டும். கடைத் தராசில் நிறுத்தால் போதும். கப்பின் அளவு கொம்பனிக்குக் கொம்பனி கொஞ்சம் மாறும் என்பதால், கடதாசி மட்டையில் இரண்டு வட்டம் வெட்டிய ஒரு அளவுச்சட்டத்தை எல்லாப் பாடசாலைக்கும் தபாலில் அனுப்பினோம். காயின் நடுப்பகுதி பெரிய வட்டத்துக்குள் போக வேண்டும், சின்ன வட்டத்துக்குள் போகக் கூடாது. அவ்வளவுதான். ஒவ்வொரு பாடசாலையும் பயிற்சிக்கு எத்தனை வேண்டுமென்றாலும் செய்யலாம், போட்டிக்கு ஏழு கொண்டு வர வேண்டும்.

கடைசி விதி பற்றித்தான் ஆகக் கூடக் கதைத்தோம். எட்டுப் பாடசாலையும் கொண்டு வருகிற 56 காயையும் ஒரு பெட்டியில் போட்டுக் கலக்க வேண்டும். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற ஏழுதான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும். ஆகவே தன்ர காய்க்கு மட்டும் அச்சொட்டாகப் பொருந்துகிற கை செய்தால் வெல்ல ஏலாது. மற்றப் பாடசாலைப் பிள்ளை கோணலாக ரேப் ஒட்டிய காயையும் உங்கட ரோபோ தூக்க வேண்டும். திரீடி பிரிண்டர் இருக்கிற பாடசாலைக்கும் இல்லாத பாடசாலைக்கும் நடுவில் எங்களால் போடக்கூடிய ஒரு சின்னப் பாலம் இது. முழுக்கச் சமனாகாது என்று தெரியும். நல்ல மோட்டார் நல்ல மோட்டார்தான்.

போட்டி நாளில் மண்டபத்து விசிறி எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தோம். 56 காய்களும் பெட்டிக்குள். சிலவற்றில் கறுப்பு ரேப், சிலவற்றில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர், ஒன்றில் புத்தகத்துக்கு உறை போடுகிற தாளின் துண்டு. வென்றது நகரத்துப் பாடசாலை ஒன்று. ரீச்சரின் பாடசாலை அரையிறுதி வரை வந்து, கோபுரத்தின் ஆறாவது காயை வைக்கும்போது கை நடுங்கி எல்லாவற்றையும் விழுத்தியது. எஸ்.ஜி.90 மோட்டார் சூடேறினால் அப்படித்தான் நடுங்கும். பிள்ளைகள் ஒரு நிமிடம் முகத்தைத் தொங்கப் போட்டார்கள், பிறகு அடுத்த ஆட்டத்தைப் பார்க்க முன்வரிசைக்கு ஓடினார்கள். வீட்டுக்குப் போகும்போது எல்லாப் பாடசாலையும் பெட்டியிலிருந்து ஏழு காய் எடுத்துக்கொண்டு போனது. தாங்கள் செய்ததுதானா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது உங்கட பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ இப்படி ஒன்று வைக்க நினைத்தால், ரோபோவைப் பற்றி யோசிக்க முன்னம் காயைப் பற்றி யோசியுங்கோ. அது என்ன நிறை, அதைத் தூக்க எந்த மோட்டார் வேண்டும், அந்த மோட்டாருக்கு யாரிடம் காசு இருக்கிறது? தொலைந்தால் திரும்பச் செய்ய ஏலுமா? மலிவான சென்சரின் கண்ணில் அது படுமா? கடைசியாக, அந்தக் காயைத் தேடி உங்கட ஊர்ப் பிள்ளை எந்தப் பக்கம் நடந்து போகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு ஊரிலும் பதில் வேறு. கடற்கரை ஊருக்கு ஒன்று, குளத்தடிக்கு ஒன்று, மலையகத்து லயத்துக்கு ஒன்று. யோகட் கப்தான் எல்லாருக்கும் சரி என்று நாங்கள் சொல்லமாட்டோம். உங்கட பட்டியலை மேசையில் வைத்து வாசிக்கிற அன்றைக்கு, ஆகத் தூரத்துப் பாடசாலையிலிருந்து வருகிற ரீச்சருக்கும் ஒரு கதிரை போட்டு வையுங்கோ.